பேசலாம் என்றொரு பரீட்சை

அத்தியாயம் 9

போன வாரம் நாச்சாளை அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால், கையில் ஒரு பழுப்பு உறையோடு நிற்கவைத்துவிட்டு வந்தோம். உறைக்குள் என்ன என்று ஆளாளுக்கு எழுதிக் கேட்டுவிட்டீர்கள். உயிலா என்றார் ஒருவர். சிகாமட் வீட்டை விற்கப்போகிறாளா என்றார் இன்னொருவர். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அது வேலை உத்தரவு.

ஆமாம், அறுபதில் ஓய்வு பெற்றவளுக்கு அறுபத்தொன்றில் வேலை! சிகாமட்டில் ஓர் இடைநிலைப் பள்ளியில் முப்பத்தொரு வருடம் கட்டொழுங்கு ஆசிரியையாக இருந்தவள் நாச்சாள். அவள் நடைபாதையில் வருகிறாள் என்றால் வகுப்புகள் தானாக வாயை மூடிக்கொள்ளும். கணவர் சொக்கநாதன் காலமான பிறகு வீட்டைப் பூட்டிவிட்டு, தெப்ராவில் மகன் தியாகராஜனோடு வந்து தங்கிவிட்டாள். மகன் விடிவதற்கு முன்பே பாலம் தாண்டி சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவான். மருமகள் சௌந்தர்யா பக்கத்திலேயே ஒரு தனியார் கல்லூரியில் பொருளியல் விரிவுரையாளர். ஏழரைக்கு அவளும் கிளம்பிவிட்டால் சாயங்காலம் வரை நாச்சாளுக்குப் பேச்சுத் துணை துணி துவைக்கும் இயந்திரம்தான்.

எத்தனை நாள் அதோடு பேசுவது? மருமகள் வேலை பார்க்கும் கல்லூரிக்கே தேர்வுக் கண்காணிப்பாளர் வேலை கேட்டு மனுப் போட்டுவிட்டாள். மருமகளிடம் மூச்சுவிடவில்லை.

அதற்குக் காரணம், இரண்டு வாரத்துக்கு முன் சாப்பாட்டு மேசையில் நடந்த சின்ன உரசல்.

"பரீட்சைங்கறது பிள்ளைங்களைப் பயமுறுத்துறதுக்கு இல்ல அத்தை."

"பயம் இல்லாம படிப்பு எங்கேருந்து வரும்?"

அவ்வளவுதான். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை இருவரும். நடுவில் மாட்டிக்கொண்டு தியாகராஜன் விழி பிதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும்.

சௌந்தர்யாவும் மாமியாரிடம் ஒன்றை மறைத்திருந்தாள். வரைபடத்தைப் பலகையிலிருந்து நோட்டுக்கும், நோட்டிலிருந்து விடைத்தாளுக்கும் இறக்குகிற பழைய வழி வேண்டாம் என்று முதலாண்டுப் பொருளியல் பாடத்தையே அவள் மாற்றி எழுதியிருந்தாள். கடைத்தெருவில் நடப்பதை எடுத்துவைத்து மாணவர்கள் வாதாட வேண்டும். பரீட்சையும் இரண்டு பாகம். முதல் பாகத்தைத் தனியாக எழுத வேண்டும். பிறகு அதே கேள்விகளை நான்கு நான்கு பேராகக் கூடிப் பேசி, வாதாடி, ஒரே விடையாக எழுதித் தர வேண்டும். பரீட்சைக் கூடத்தில் பேச்சு! இதைக் கட்டொழுங்கு ஆசிரியையிடம் எந்த வாயால் சொல்வது?

துறைத் தலைவர் டாக்டர் ரூபேந்திரன் இருபது வருடமாகப் பழைய வழியில் பாடம் நடத்துகிறவர். கெட்டவர் இல்லை, கவனமானவர். ஒரு நிபந்தனை போட்டிருந்தார். இடைத்தேர்வை அவள் வழியிலேயே நடத்தலாம். தேர்வுக் கூடத்திலிருந்து புகார் வராவிட்டால் அடுத்த பருவம் எல்லாப் பிரிவுக்கும் புதிய பாடத்திட்டம். ஒரே ஒரு புகார் வந்தாலும் பழையதுதான், இந்தப் பேச்சே இனி எடுக்கக்கூடாது. மூன்று வருட உழைப்பு ஒரு காலைப் பொழுதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் காலைதான் இன்று.

"பசியாறிட்டுப் போம்மா. பரீட்சை வைக்கிறவ பட்டினியா போகலாமா?" என்றாள் நாச்சாள். இன்றைக்கு மருமகளுக்கு முக்கியமான நாள், புகார் வந்தால் போச்சு என்பது வரைக்கும் மகன் வழியாக அவளுக்குத் தெரியும்.

"இறங்க மாட்டேங்குது அத்தை." சௌந்தர்யா இட்லியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்தாள். "நீங்க என்ன, பட்டுப்புடவை? எங்கயாச்சும் போறீங்களா?"

"லைப்ரரிக்கு."

"லைப்ரரிக்குப் பட்டா?"

"புத்தகத்துக்கு ஒரு மரியாதை வேணாமா?"

சௌந்தர்யாவுக்கு வேறு நாளாக இருந்தால் சிரிப்பு வந்திருக்கும். இன்று பையை மாட்டிக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் கார் முனை திரும்பியதும் நாச்சாளின் கைப்பேசியில் மகனிடமிருந்து செய்தி. ‘அம்மா, முதல் நாள் வாழ்த்து. அவகிட்ட சொல்லிட்டீங்களா?’ நாச்சாள் பதில் தட்டினாள். ‘உன் வேலையைப் பாரு.’

தேர்வுப் பிரிவு ஏ பிளாக்கில் இருந்தது. எழுத்தர் வேலை பார்க்கும் கிராணி அங்கம்மா முகம் முழுக்க வேர்வையோடு நின்றாள்.

"டீச்சர், நல்ல நேரத்துக்கு வந்தீங்க. பி பிளாக் ஹாலுக்குப் போட்ட ஆளு ரோட்டு ஜேம்ல மாட்டிக்கிட்டாராம். நீங்க போயிடுங்க."

"என்ன பாடம்?"

"எக்கானமிக்ஸ். முதல் வருஷம்."

நாச்சாளுக்குத் திக்கென்றது. "என் மருமக அந்தப் பாடம்தான் எடுக்குறா."

"பரீட்சை எழுதுறவங்க யாரும் உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல."

"அப்புறம் என்ன டீச்சர், ஓடுங்க லா!"

விதிப் புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. மாணவருக்கு உறவினராக இருக்கக்கூடாது என்று ஆறாம் பக்கத்தில் போட்டிருந்தது. விரிவுரையாளரைப் பற்றிப் பேச்சே இல்லை. புத்தகத்தை மூன்று தடவை படித்திருந்தாள். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மாமியார் மருமகளுக்குச் சலுகை காட்டினாள் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால்? இன்றைக்கு ஊசி முனையளவும் விட்டுக்கொடுப்பதில்லை என்று முடிவு கட்டிக்கொண்டுதான் பி பிளாக் படியேறினாள்.

முப்பத்தாறு மாணவர்கள். பத்து மணிக்குத் தாள் கொடுத்தாயிற்று. கூடத்தில் பேனா ஓடும் சத்தம். நாச்சாளுக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் ஓடியது. எத்தனை மாதமாயிற்று இந்த அமைதியைக் கேட்டு!

கேள்வியில் சந்தேகம் இருந்தால் தீர்த்துவைக்க, தாள் தயாரித்தவர் முதல் பத்து நிமிடம் கூடத்துக்குள் இருக்கலாம். கதவைத் திறந்து உள்ளே வந்தாள் சௌந்தர்யா. பட்டுப்புடவையைப் பார்த்தாள். புடவைக்கு மேலே இருந்த முகத்தைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை!"

"மெதுவா. எழுதிக்கிட்டிருக்காங்க."

"நீங்க... லைப்ரரி..."

"அதை வீட்ல பேசிக்கலாம்."

சௌந்தர்யாவின் முகத்தில் ரத்தமே இல்லை. "அத்தை, ஒரு விஷயம் சொல்லணும். ரெண்டாவது பாகத்துல பிள்ளைங்க..."

"மேடம்," என்றாள் நாச்சாள், சிகாமட் குரலில். "கேள்வியில திருத்தம் இருந்தா சொல்லுங்க. இல்லன்னா கண்காணிக்கிறவங்ககிட்ட பேச்சு வச்சுக்கக் கூடாது. பதினொண்ணாவது விதி."

"இல்ல அத்தை, உறையில ஒரு சீட்டு..."

"பத்து நிமிஷம் ஆயிடுச்சு. வெளிய போகலாம்."

சௌந்தர்யா போனாள். போகிறபோது அவள் திரும்பிப் பார்த்த பார்வையில் கெஞ்சலும் கோபமும் சரிபாதி. பாவம், நாச்சாளுக்கும் உள்ளே சுருக்கென்றதுதான். ஆனால் முகத்தில் காட்டினால் அவள் நாச்சாள் இல்லையே.

பத்து முப்பத்தைந்துக்கு வருகைத்தாளை எடுக்கத் தேர்வுத்தாள் உறைக்குள் கை விட்டபோது அந்தச் சீட்டு அகப்பட்டது. வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ‘பால் இல்லை’ என்று தினம் எழுதுகிற அதே கை.

‘கண்காணிப்பாளருக்கு: 10.50க்குத் தனித்தாள்களை வாங்கிக்கொள்ளவும். அதன் பிறகு மாணவர்கள் நால்வர் நால்வராக அமர்ந்து, பேசி, ஒரே விடைத்தாளில் எழுதுவார்கள். நேரம் 40 நிமிடம்.’

நாச்சாள் இரண்டு முறை படித்தாள். பேசியா? பரீட்சையில் பேசியா? காது வரைக்கும் சூடேறியது. முப்பத்தொரு வருடத்தில் பேசினான் என்பதற்காக எத்தனை பிள்ளைகளை வெளியே நிறுத்தியிருக்கிறாள்! இந்தப் பெண்ணுக்குப் புத்தி பிசகிவிட்டதா?

அப்புறம்தான் அதைவிடப் பெரிய இடி கண்ணில் பட்டது. சீட்டில் தேர்வுப் பிரிவின் சாப் இல்லை.

நம்மூரில் முத்திரை குத்தாத தாளுக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியாதா? வாசகசாலை அட்டையிலிருந்து கல்யாணப் பதிவு வரை, ஊதா மையில் ஒரு சாப் விழுந்தால்தான் அது தாள். பதற்றத்தில் சௌந்தர்யா அதை மறந்திருந்தாள்.

நாச்சாள் கையில் சீட்டோடு நின்றாள். மருமகளின் கையெழுத்து என்பதில் சந்தேகமே இல்லை. அதை நம்பிப் பிள்ளைகளைப் பேசவிட்டால், சாப் இல்லாத சீட்டுக்கு மாமியார் தலையாட்டினாள் என்று நாளைக்கே புகார் கிளம்பும். பேசவிடாமல் தடுத்தால் இரண்டாம் பாகமே நடக்காது. எப்படிப் பார்த்தாலும் போகப்போவது சௌந்தர்யாவின் பாடத்திட்டம்தான். காலையில் அந்தப் பெண் விழுங்காமல் விட்ட இட்லி நினைவுக்கு வந்தது.

கூடத்தைவிட்டு அவள் நகரக்கூடாது. கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள். எதிரே பெஞ்சில், நகத்தைக் கடித்துக்கொண்டு சௌந்தர்யா உட்கார்ந்திருந்தாள். தன் அறைக்குப் போக அவளுக்கு மனம் வந்திருக்கவில்லை.

"சாப் எங்கே?" நாச்சாள் சீட்டை நீட்டினாள்.

சௌந்தர்யா பார்த்தாள். கை நெற்றிக்குப் போயிற்று. "அலமாக்! அத்தை, மறந்தே..."

"அழறதுக்கு நேரமில்ல. பதினஞ்சு நிமிஷம் இருக்கு. பரீட்சை நடக்கறப்ப சந்தேகம் வந்தா சாப் வாங்கிச் சேர்த்துக்கலாம்னு பதினாலாவது விதியில இருக்கு. ஓடு!"

"அத்தை, உங்களுக்கு இது பிடிக்காதே... பிள்ளைங்க பேசறது..."

"பிடிக்குதா பிடிக்கலயாங்கறது வேற. ஓடுடி!"

‘டி’ போட்டு நாச்சாள் மருமகளைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. சௌந்தர்யா ஓடினாள்.

மணி பத்து ஐம்பது. தனித்தாள்களை நாச்சாள் வாங்கி அடுக்கினாள். பிள்ளைகள் நாற்காலிகளை இழுக்கத் தொடங்கினார்கள்.

"யாரும் அசையக்கூடாது."

"டீச்சர், இப்ப குழுவா..." என்று எழுந்தான் வாட்டசாட்டமான ஒருவன். மேசைச் சீட்டில் காளிதாஸ் என்று இருந்தது.

"உக்காரு. வாயைத் திறக்காதே."

அந்த நேரம் பார்த்துத்தானா டாக்டர் ரூபேந்திரன் வரவேண்டும்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே வந்தவர், முப்பத்தாறு பேரும் சிலையாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"என்ன இது? பேசி எழுதற பரீட்சைன்னாங்க. சத்தமே காணோம்?"

"எழுத்து மூலமான அனுமதி வந்துக்கிட்டிருக்கு சார்."

"அனுமதி இல்லாமலா ஆரம்பிச்சாங்க?" அவர் புருவம் உயர்ந்தது.

"ரெண்டாவது பாகம் இன்னும் ஆரம்பிக்கல சார். நான் ஆரம்பிக்க விடல."

ஐந்து நிமிடம். ஆறு. நாச்சாள் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று பிடிவாதமாக ஜன்னலைப் பார்த்தாள். ஏழாவது நிமிடம் கதவு படாரென்று திறந்தது. தலை கலைந்து, ஒரு கையில் செருப்பும் மறு கையில் சீட்டுமாக சௌந்தர்யா நின்றாள். மூச்சு வாங்கச் சீட்டை நீட்டினாள். ஊதா மை இன்னும் காயவில்லை.

நாச்சாள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். முத்திரையைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். சுருக்கொப்பத்தைப் பார்த்தாள். பிறகு கூடத்தைப் பார்த்துத் திரும்பினாள். வாழ்நாளில் சொல்லியிராத ஒரு வார்த்தையை அவள் சொல்லவேண்டியிருந்தது. இரண்டு முறை தொண்டையைக் கனைத்துக்கொண்டாள்.

"பேசலாம்."

அடேயப்பா! முப்பத்தாறு வாயும் ஒரே நேரத்தில் திறந்தன. தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் எல்லாம் கலந்த இரைச்சல் கூரையைத் தொட்டது. நாச்சாளின் கை தன்னையறியாமல் பிரம்பைத் தேடியது. மேசை ஓரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சண்டை போடுகிறார்களா, காப்பி அடிக்கிறார்களா என்று பார்க்கத்தான் வரிசைகளுக்கிடையில் நடந்தாள். கேள்வி இதுதான்: தெப்ராவ் தொழிற்சாலை வாசலில் விடியற்காலையில் நாசி லெமாக் சோறு விற்பவர் மூன்று ரிங்கிட்டை மூன்றரை ஆக்குகிறார். அதே ஆள் சாயங்காலச் சந்தையிலும் அதே மாதிரி விலை ஏற்றுகிறார். எங்கே வசூல் கூடும், எங்கே குறையும், ஏன்?

"இதுல என்ன யோசிக்க இருக்கு?" காளிதாஸின் குரல் மற்ற குரல்களை அமுக்கியது. "மூணரை மூணைவிடப் பெரிசு. ரெண்டு இடத்துலயும் வசூல் ஏறும். எழுது, எழுது."

அவன் குழுவில் ஒரு மலாய்ப் பெண், ஒரு சீனப் பையன், முக்காடு போட்ட ஒல்லியான ஒரு பெண். அவள் மேசைச் சீட்டில் ஆப்ரின் என்று இருந்தது. முதல் பாகம் முழுக்க தலை நிமிராமல் எழுதியவள் அவள்தான் என்று நாச்சாள் கவனித்திருந்தாள்.

"இல்ல," என்றாள் ஆப்ரின்.

"என்ன இல்ல?"

"ரெண்டு இடமும் ஒண்ணு இல்ல. காலையில ஷிஃப்ட்டுக்கு ஓடுறவன் கையில அஞ்சு நிமிஷம்தான் இருக்கும். பக்கத்துல வேற கடை கிடையாது. அம்பது காசு கூடன்னாலும் வாங்கிட்டு ஓடிடுவான். சாயங்காலச் சந்தையில பத்தடிக்கு ஒரு கடை. நகர்ந்து போயிடுவான்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"பத்து பாகாட் டவுன்ல எங்க அத்தாவுக்குச் சாப்பாட்டுக் கடை. ரொட்டி சானாய் இருபது காசு ஏத்துனாங்க. காலையில ஏன்னு ஒருத்தரும் கேக்கல. சாயங்காலம் மேசையெல்லாம் காலி."

காளிதாஸ் விடவில்லை. "சாயங்காலம் வர்றவன் உக்காந்து அரட்டை அடிக்க வர்றான். ரொட்டிக்கா வர்றான்? இருபது காசுக்கா போயிட்டான்?"

நல்ல கேள்விதான். ஆப்ரின் பேனா மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தாள். சொல்லு, சொல்லு என்று உள்ளே யாரோ தவித்தார்கள். சிகாமட்டில் மீன்காரர் ஒருவர் விலை ஏற்றியபோது அவளே அடுத்த மீன்காரரிடம் போகவில்லையா? அரட்டையும் கூடவே இடம் மாறத்தானே செய்தது? வாய் திறந்தேவிட்டது. சட்டென்று மூடிக்கொண்டாள். கண்காணிப்பாளர் விடை சொன்னால் ஊரே சிரிக்கும்.

"எதிர்க்க சாயங்காலக் கடை ஒண்ணு தொறந்திருந்தாங்க," என்றாள் ஆப்ரின் யோசித்துவிட்டு. "அரட்டையும் அங்க போயிடுச்சு. வேற வழி இருக்கற இடத்துல விலை ஏத்தினா ஆள் குறையும். எவ்வளவு குறையும்கறதுலதான் வசூல் இருக்கு."

"பெத்துல் லா," என்று ஆமோதித்து மலாய்ப் பெண் மேசையைத் தட்டினாள். சீனப் பையன் ஏற்கெனவே பேனாவை எடுத்துவிட்டான். காளிதாஸ் கொஞ்சநேரம் கூரையைப் பார்த்தான். பிறகு, தான் எழுதவைத்த வரியைத் தானே அடித்தான். "சரி, நீ சொல்லு. நான் எழுதறேன்."

நாச்சாளுக்குக் கண் கலங்கிவிட்டது. காரணம் அவளுக்கே உடனே புரியவில்லை. வாயை மூடு, வாயை மூடு என்று சொல்லியே முப்பத்தொரு வருடம் ஓடிவிட்டது. அந்த வாய்களுக்குள் இதுபோல எத்தனை இருந்திருக்கும்! வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரைச்சலின் நடுவில் அதைவிடப் பெரிய சந்தோஷமாகவும் இருந்தது.

நேரம் முடிந்ததும் அவள் கண்காணிப்பாளர் அறிக்கையை எழுத உட்கார்ந்தாள். ‘தேர்வில் நேர்ந்த குறைபாடுகள்’ என்று ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் விழும் எழுத்துதான் புகார். சௌந்தர்யா கதவோரம் நின்றாள். ரூபேந்திரன் மேசையோரம் நின்றார். நாச்சாளின் பேனா நிற்காமல் ஓடியது. ஒரு வரி, இரண்டு வரி, கட்டம் நிறைந்து தாளின் பின்பக்கமும் போயிற்று.

"அத்தை, அவ்வளவா?" என்றாள் சௌந்தர்யா, அழுகிற குரலில்.

"பொய் எழுதச் சொல்றியா?"

ரூபேந்திரன் தாளை வாங்கி வாய்விட்டே படித்தார்.

"‘சீட்டு முத்திரையின்றி வந்தது. இரண்டாம் பாகம் தொடங்கும் முன் சரிசெய்யப்பட்டது. ஏழு நிமிடம் தாமதம். அந்த ஏழு நிமிடமும் கடைசியில் சேர்த்துத் தரப்பட்டது. விரிவுரையாளர் என் மருமகள். அதனால் எல்லாவற்றையும் இருமுறை சரிபார்த்தேன்.’"

அவர் நிமிர்ந்து நாச்சாளைப் பார்த்தார், சௌந்தர்யாவைப் பார்த்தார். பின்பக்கம் திருப்பினார்.

"‘மாணவர்கள் நாற்பது நிமிடம் சத்தமாகப் பேசினார்கள். பாடத்தைத் தவிர வேறெதையும் பேசவில்லை. சத்தமாகப் பேசியவனின் தவறான விடையை, மெதுவாகப் பேசியவள் மாற்றினாள். அமைதியான பரீட்சைகளில் இப்படி நடந்து நான் பார்த்ததில்லை. இந்தக் கூடத்தில் எனக்கு இருந்த ஒரே சிரமம், நானும் பேசாமல் இருந்தது.’"

அவர் தாளை மேசைமேல் வைத்தார். பிறகு ரூபேந்திரன் சிரித்துவிட்டார். வயிறு குலுங்க, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற அளவுக்குச் சிரித்தார். "இது புகார்னா, இந்த மாதிரி புகாரை நான் இருபது வருஷமா எதிர்பாத்துக்கிட்டிருக்கேன்," என்று சொல்லிவிட்டு, சௌந்தர்யா நீட்டிய பாடத்திட்டத் தாளில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். "அடுத்த பருவம், எல்லாப் பிரிவுக்கும்."

சௌந்தர்யா மாமியாரைக் கட்டிக்கொண்டாள். பட்டுப்புடவை கசங்கியது. நாச்சாள் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

விடைத்தாள்களை ஒப்படைக்க இருவரும் அங்கம்மாவின் முகப்புக்குப் போனார்கள். கையெழுத்தெல்லாம் முடிந்தது. நாச்சாள் நகரவில்லை.

"அங்கம்மா, இந்தப் பாடத்துல சேர வயசு வரம்பு இருக்கா?"

"யாருக்கு டீச்சர்?"

"எனக்கு."

"அத்தை!"

"என்ன அத்தை? ஒரு பாடம் மட்டும் எடுத்துப் படிக்கலாம்னு வாசல்ல விளம்பரம் போட்டிருக்கீங்களே. எனக்கும் வாய் இருக்கு. எனக்கும் பேசணும்."

அங்கம்மா விண்ணப்பப் பாரத்தை எடுத்துப் புரட்டினாள். முகம் சுருங்கியது. "வயசு பரவால்ல டீச்சர். ஆனா வீட்டு ஆளுக்கு மார்க் போடக்கூடாது. மருமக வகுப்புல நீங்க உக்கார முடியாது."

சௌந்தர்யாவின் முகம் வாடியது. நாச்சாளுக்கோ விதி என்றால் சர்க்கரை. "நியாயம்தானே? வேற பிரிவு இல்லையா?"

"ஒரே ஒரு பிரிவுலதான் இடம் இருக்கு. செவ்வாய், வியாழன் காலையில. டாக்டர் ரூபேந்திரன் எடுக்கறது."

"அதுலயே போடுங்க. முதல் வரிசை."

பின்னால் ஒரு செருமல் கேட்டது. அறிக்கையைக் கொடுக்க வந்த ரூபேந்திரன் நின்றுகொண்டிருந்தார். எல்லாப் பிரிவுக்கும் என்றால் தன் பிரிவுக்கும்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போலும். பாரத்தில் ‘நாச்சாள்’ என்று விழுந்துகொண்டிருந்த பெரிய பெரிய எழுத்துகளையே பார்த்தார். பிறகு சௌந்தர்யாவின் பக்கம் வந்து, அங்கம்மாவுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"இந்தப் பேச வைக்கிறது... அதை எப்படி ஆரம்பிக்கிறதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுப்பீங்களா?"